சாயங்காலக் கை

டாக்டர் சுபாஷிணியின் வலது கை பரோட்டா வீசத் தொடங்கியது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில்.

அவள் சப்பாத்திக்குத்தான் மாவு பிசைந்திருந்தாள். ஓர் உருண்டையை எடுத்துக் கட்டையால் தேய்க்கப் போனபோது, கை அதைத் தட்டி அகலப்படுத்தியது. விளிம்பைப் பிடித்துத் தூக்கி மேடைமேல் பளாரென்று வீசியது. இன்னும் இரண்டு வீச்சில் மாவு சல்லாத்துணி போல விரிந்தது. கை அதை விசிறியாக மடித்து, சுருட்டி, ஓரத்தில் வைத்துவிட்டு அடுத்த உருண்டைக்குப் போயிற்று.

சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான் அவள் கணவன் சபரிநாதன். ஊருக்கு வெளியே சின்னதாக ஒரு தென்னைநார் ஆலை நடத்துகிறவன்.

“சுபா, நீ எப்ப இதையெல்லாம் கத்துக்கிட்ட?”

“நான் எங்கீங்க கத்துக்கிட்டேன்? கை பண்ணுது.”

இருவரும் சிறிது நேரம் கையையே பார்த்தார்கள். பிறகு சபரி கல்லை அடுப்பில் போட்டான். பரோட்டா அடுக்கடுக்காகப் பிரிந்து வந்தது. நன்றாக இருந்ததால் அதைப் பற்றி மேற்கொண்டு கேள்வி கேட்க அன்றைக்கு இருவருக்கும் மனம் வரவில்லை.

சுபாஷிணி உடுமலையில் கால்நடை மருத்துவர். தளி போகும் சாலையில் நடந்த ஒரு விபத்தில் முழங்கைக்குக் கீழே கை போய்விட்டது. மாட்டின் கருப்பைக்குள் கைவிட்டுக் கன்றின் கால் எது, தலை எது என்று தடவிச் சொல்லவேண்டிய தொழில் அவளுடையது. இனி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து கையெழுத்துப் போடும் வேலைதான் என்று எல்லோரும் நினைத்தார்கள். அப்போதுதான் பழகும் செயற்கைக் கைகள் அந்தப் பக்கம் வந்தன.

அந்தக் கைக்குத் தொடுவுணர்வு உண்டு. நரம்பின் சைகையைப் புரிந்துகொண்டு பிடிக்கவும் விடவும் சில வாரத்தில் கற்றுக்கொள்ளும். நுணுக்கமான வேலைகளை நாள்போக்கில் பழகும். பழகியதைத் தனக்குள் வைத்துக்கொள்ளாது. கைக்குள்ளிருக்கும் சின்ன ரேடியோ வழியாக, கையைச் செய்த நிறுவனத்தின் தரவுப் பெட்டகத்துக்கு அனுப்பிவிட்டு, வேண்டும்போது நொடியில் வாங்கிக்கொள்ளும். சுபாஷிணி மிக வேகமாகப் பழகினாள். கை பொருத்திய கொஞ்ச நாளிலேயே அறுவைச்சிகிச்சை முடிச்சை ஒரே இழுப்பில் போட்டுக் காட்டினாள். பயிற்சிக்கூடத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். அதில் அவளுக்கு இன்றைக்கும் ஒரு பெருமை உண்டு.

ஐந்து வருடம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. போன ஐப்பசி மழையில், வெள்ளம் புகுந்த ஒரு கொட்டத்தில் மாட்டை அவிழ்த்துவிடக் குனிந்தவள் கையோடு தண்ணீரில் விழுந்தாள். ரேடியோ சில்லு போய்விட்டது. நிறுவனம் பழையதைக் கழற்றிக்கொண்டு, இரண்டு மாதம் கழித்துப் புதுச் சில்லு போட்டுக் கொடுத்தது. திரும்பி வந்த கைக்கு ஸ்பூன் பிடிக்கத் தெரியவில்லை.

சபரியின் தம்பி பிரணேஷ் கோவையில், அதே நிறுவனத்தின் பழுதுபார்க்கும் பிரிவில் வேலை பார்த்தான். ஒரு சனிக்கிழமை வந்து, கையை மடிக்கணினியோடு இணைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னான்:

“கை நல்லாத்தான் இருக்குதுங்கண்ணி. அதுக்கு நீங்க யாருன்னு தெரியல, அவ்வளவுதான்.”

“அஞ்சு வருசமா என்கிட்டத்தான இருக்குது?”

“கை இருந்துச்சு. உள்ள இருக்கற சில்லு புதுசுங்களே. ஒவ்வொரு சில்லுக்கும் செய்யறப்பவே ஒரு எண்ணைப் பொறிச்சு விட்டுருவாங்க. வன்பொருள் முகவரின்னு சொல்றது. ஒண்ணுக்கு இருக்கறது இன்னொண்ணுக்கு இருக்காது. உங்க பழக்கம் பூராவும் பெட்டகத்துல அந்தப் பழைய எண்ணு பேர்ல கெடக்குது. இப்பக் கை போய்ப் புது எண்ணைச் சொன்னா, ‘உன்னைய எனக்குத் தெரியாது, மொதல்ல இருந்து ஆரம்பி’ங்குது.”

“மறுபடியும் மொதல்ல இருந்தா?”

பிரணேஷ் அண்ணியின் முகத்தைப் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

“ஒரு வழி இருக்குதுங்க. சில்லுல பொறிச்சதை மாத்த முடியாது. ஆனா வெளியில என்ன எண்ணைச் சொல்றதுன்னு முடிவு பண்றது கைக்குள்ள இருக்கற இயங்குதளம். அதுகிட்ட, பழைய எண்ணையே சொல்லுன்னு சொல்லிறலாம்.”

“அது திருட்டு ஆகாதா தம்பி?”

“கம்பெனி விதிப்படி தப்புத்தானுங்க. ஆனா உங்க பழக்கத்தைத்தான உங்களுக்கு எடுத்துத் தாறேன்.”

அவள் சரியென்று தலையசைத்தாள். அவன் தட்டிக்கொண்டே விளக்கினான். முழித்திருக்கிற ரேடியோவுக்கு எண்ணை மாற்ற முடியாது. முதலில் தூங்க வைக்கவேண்டும், அப்புறம் மாற்றவேண்டும், அப்புறம் எழுப்பவேண்டும். கையை அணைத்துப் போட்டால் சொந்த எண்ணுக்கே திரும்பிவிடும் என்பதால், ஒவ்வொரு முறை எழும்போதும் அதுவாகவே மாற்றிக்கொள்ளும்படி ஒரு வரி எழுதி வைத்தான்.

கை ஒருகணம் தொய்ந்தது. பிறகு விரல்கள் நிமிர்ந்தன. சுபாஷிணி மேசையிலிருந்த நூலை எடுத்து ஒரே இழுப்பில் முடிச்சுப் போட்டாள். அண்ணியின் கண் கலங்குவதைப் பார்க்காததுபோல பிரணேஷ் மடிக்கணினியை மூடினான்.

அந்த வேலைக்கு அப்புறம் வந்ததுதான் பரோட்டா. பிறகு வேறு சில பழக்கங்களும் வந்தன. கண்ணாடித் தம்ளர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே கையில் தூக்கியது. முட்டையை ஒற்றைக் கையால் உடைத்து ஊற்றியது. சபரிக்கு இதெல்லாம் பிடித்திருந்தது. சுபாஷிணிக்கும் ஒரு தொந்தரவும் இல்லை, மயில்சாமியின் தோட்டத்துக்குப் போன நாள் வரை.

கொழுமம் சாலையில் மயில்சாமிக்குப் பத்து மாடு. அன்று மதியத்துக்கு மேல் ஒரு தலையீத்துக் கிடேரி தன் முதல் கன்றைப் போடமுடியாமல் தவித்தது. சுபாஷிணி உறை மாட்டிக்கொண்டு கையை உள்ளே விட்டாள். கன்றின் தலை பின்னால் மடங்கிக் கிடந்தது. கன்றைப் பின்னுக்குத் தள்ளி, தாடையைப் பிடித்துத் தலையை வழிக்குக் கொண்டுவரவேண்டும். அவள் கை தாடையைப் பிடித்த நேரத்தில் விரல்கள் நடுங்கின. ஒருமுறை இறுகின, விட்டன, மறுபடி இறுகின. அவள் நினைப்பதற்கும் கை செய்வதற்கும் சம்பந்தமே இல்லாமல் போயிற்று.

கருப்பை கிழிந்தால் மாடும் போகும், கன்றும் போகும். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கையை வெளியே எடுத்தாள்.

“என்னங்கம்மா ஆச்சு?” என்றார் மயில்சாமி.

“ஒண்ணுமில்லைங்க. இடது கைக்கு ஒரு உறை எடுங்க.”

இடது கையால் அந்த வேலையை அவள் அதற்குமுன் செய்ததில்லை. தோள் கழன்றுவிடும்போல வலித்தது. தலை இரண்டுமுறை வழுக்கி உள்ளே போய், மூன்றாம் முறை வந்தது. கன்று வைக்கோல்மேல் விழுந்து, வெகுநேரம் அசையாமல் கிடந்து, கடைசியில் தும்மியது. மயில்சாமி சந்தோஷமாகக் காபி போடச் சொன்னார். சுபாஷிணி காபி குடிக்கவில்லை. காரில் ஏறி, அது தானே ஓடும்படி தானோட்டியை இயக்கிவிட்டு, வலது கையை மடியில் போட்டு இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

சாலை முனையில் புதிதாகத் திறந்திருந்த பரோட்டாக் கடை வாசலில் ஆட்கள் கூடியிருந்தார்கள். பெஞ்சில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். முப்பத்தைந்து வயதிருக்கும், உடம்பெல்லாம் மைதா. அவனுடைய வலது கையும் செயற்கைக் கை. அது அவன் தொடைமேல் துள்ளிக்கொண்டிருந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் காற்றில் ஏதோ செய்து, சுற்றி, ஒரே இழுப்பாக இழுத்தன.

அது அவளுடைய முடிச்சு.

காரை நிறுத்திவிட்டு இறங்கி அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“உங்களுக்கு மாட்டு வைத்தியம் தெரியுங்களா?”

அவன் திகைத்தான். “எனக்குப் பரோட்டாவும் சால்னாவும்தான் தெரியும்மா. ஏன் கேக்கீங்க?”

அவள் தன் சட்டைக்கையை மடித்துக் காட்டினாள். இரண்டு கைகளும் ஒன்றுபோலத் துள்ளிக்கொண்டிருந்தன.

அவன் பெயர் பீர்மைதீன், கடையநல்லூர்க்காரன். மாவு பிசையும் இயந்திரத்தில் கை போயிருந்தது. ஓர் அறக்கட்டளை, பழுதுபார்த்த பழைய பாகங்களைக் கொண்டு செய்த கையைக் கொடுத்திருந்தது. தண்ணீரில் நனைந்த தன் சில்லு எங்கே போயிற்று என்பது அவன் சொல்லச் சொல்லச் சுபாஷிணிக்குப் புரிந்தது.

“கை வந்த ரெண்டு நாள்லயே அது என் சட்டைக்குப் பித்தான் தைச்சுது டாக்டரம்மா. நான் ஊசி பிடிச்ச ஆளே கிடையாது. எங்க அக்கா வீட்டு ஆடு குட்டி போடமுடியாம கிடந்தப்போ, நான் சும்மா பக்கத்துலதான் உக்காந்தேன். கை தானா போயி ரெண்டு குட்டியையும் எடுத்துட்டுது. ஊர்ல என்னைய வைத்தியருன்னு கூப்பிட ஆரம்பிச்சுட்டாங்க. நானும் அல்லா குடுத்த வரம்னுல்லா நெனைச்சேன்.”

சுபாஷிணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “எனக்கு உங்க பரோட்டா வந்துருச்சுங்க பாய்.”

அவன் முகம் சட்டென்று தொழில்காரன் முகமானது. “அடுக்குப் பிரிஞ்சுதா?”

“பிரிஞ்சுது.”

“அப்ப சரிதான்,” என்றான்.

பிரணேஷ் மறுநாளே வந்தான். பீர்மைதீனையும் வீட்டுக்கு வரச்சொல்லியிருந்தார்கள். அதற்குள் இரண்டு கைகளையும் அணைத்துப் போட்டிருந்ததால், இருவரும் இடது கையால் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

“ஊரு ஊரா தள்ளி இருந்தவரைக்கும் பிரச்சினை இல்லைங்க,” என்றான் பிரணேஷ். “ரெண்டு பேரும் ஒரே பெட்டகத்துல போட்டு, ஒரே பெட்டகத்துல இருந்து எடுத்தீங்க. அவரோடது உங்களுக்கு வந்துச்சு, உங்களோடது அவருக்குப் போச்சு. இப்ப ரெண்டு கையும் ஒரே சிக்னல் கோபுரத்துக்குக் கீழ வந்துருச்சு. பந்தியில ஒரே பேர்ல ரெண்டு பேரு உக்காந்தா, சாம்பார் கேட்டவருக்கு ரசம் போயிருமல்லங்க, அதுதான்.”

“யாரோட எண்ணு அது?” என்றான் சபரி.

பிரணேஷ் தயங்கினான். “பொறிச்ச எண்ணு பாய்கிட்ட இருக்கற சில்லுலதானுங்க இருக்குது. அண்ணி கை சொல்றது இரவல். கம்பெனிக்குத் தெரிஞ்சா ரெண்டையும் மூடிருவாங்க. பழக்கத்தையும் அழிச்சுருவாங்க.”

“பழக்கம் என்னோடதில்லையா?” என்றாள் சுபாஷிணி. அவள் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. “அஞ்சு வருசம் தம்பி.”

பீர்மைதீன் தம்ளரைக் கீழே வைத்தான்.

“நான் ஊருக்கே போயிருதேன் டாக்டரம்மா. அங்கன இருந்தா உங்களுக்கு இடைஞ்சல் இல்லைல்லா.”

அவனுடைய ஊரில் செயற்கைக் கைக்காரனுக்கு எந்தக் கடையிலும் வேலை தரவில்லை என்பதை முந்தின நாளே அவன் சொல்லியிருந்தான். இந்தக் கடைக்காரர்தான் ஒரு பரோட்டாவைத் தின்று பார்த்துவிட்டு உடனே சேர்த்துக்கொண்டார். மனைவியையும் இரண்டு பெண் குழந்தைகளையும் கூட்டிவர வீடு பார்த்து வைத்திருந்தான். எல்லாம் தெரிந்திருந்தும் சுபாஷிணி வாயைத் திறக்கவில்லை. அவன் இன்னொரு தடவை அதையே சொன்னால் சரி என்று சொல்லிவிடலாம் என்று காத்திருந்தாள். அப்படிக் காத்திருப்பது அவளுக்கே தெரிந்தது, கூச்சமாகவும் இருந்தது.

பிரணேஷ் மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பினான்.

“அண்ணி, இதைச் சொல்லலாமா வேண்டாமான்னு வழியெல்லாம் யோசிச்சுட்டு வந்தேன். இந்த எண்ணு பழக ஆரம்பிச்சது உங்க விபத்துக்கு முன்னாடிங்க.”

“என்ன சொல்ற?”

“உங்களுக்கு வந்த கையும் புதுசில்லை. வேற ஒருத்தர் போட்டிருந்த சில்லு.”

“யாரு?”

“பேரை அழிச்சுட்டாங்க. அசைவு மட்டும் இருக்குது. பூராவும் நூல் வேலை. டாக்டரோ, டெய்லரோ, பூக்கட்டறவங்களோ, தெரியல. முடிச்சுப் போடறதுல கெட்டிக்காரங்க.”

அன்றைக்குப் பயிற்சிக்கூடத்தில் கைதட்டியது யாருக்கு என்று சுபாஷிணிக்கு இப்போது தெரிந்தது. கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. எங்கோ இருக்கிற, அல்லது இல்லாமலே போய்விட்ட ஒருவரிடம் இத்தனை வருடம் கடனாக வாங்கி எத்தனை மாடுகளைத் தைத்திருக்கிறோம் என்றுதான் தோன்றியது.

“நீங்க எங்கயும் போக வேண்டாம்ங்க பாய்,” என்றாள். “உங்களுக்கு வேலை எந்நேரத்துல?”

“சாயங்காலம் அடுப்புப் பத்த வெச்சா, கடை சாத்துற வரைக்கும்மா.”

“எனக்குப் பகல்ல.”

பிரணேஷுக்கு உடனே புரிந்தது. அங்கேயே உட்கார்ந்து இருவருடைய கைபேசியிலும் ஒரு பொத்தானை எழுதிக் கொடுத்தான். பகலில் சுபாஷிணியின் கை அந்தப் பழைய எண்ணைச் சொல்லும். பீர்மைதீனின் கை ஏதோ கற்பனையான எண் ஒன்றைச் சொல்லிக்கொண்டு சும்மா இருக்கும். பொழுது சாய்ந்ததும் இரண்டும் தூங்கி எழும். அவனுடைய கை தனக்குப் பொறித்த எண்ணுக்கும், அவளுடைய கை தன் புதுச் சில்லின் எண்ணுக்கும் வந்துவிடும்.

“சாயங்காலமானா ரெண்டு கையும் உண்மையைத்தான் பேசும்ங்க,” என்றான் பிரணேஷ், கொஞ்சம் நிம்மதியாக.

ஏற்பாடு நன்றாகவே நடந்தது. பிரசவம் பொழுது பார்த்து வருவதில்லை என்பதுதான் ஒரே சிக்கல். ஒருநாள் கடையில் கூட்டம் நெரியும் நேரத்தில் சுபாஷிணி போன் செய்தாள்.

“பாய், கை வேணும்ங்க.”

“இந்தா விட்டுட்டேன்மா.”

பீர்மைதீன் மாவை ஈரத்துணியால் மூடிவிட்டு, காத்திருந்தவர்களைப் பார்த்துச் சொன்னான்: “கொஞ்சம் பொறுங்க. கை பிரசவத்துக்குப் போயிருக்கு.”

முதலில் சிரித்தார்கள். விஷயம் தெரிந்தபின், யாரும் எழுந்து போகவில்லை. சாப்பிட வந்தவர்களில் பாதிப்பேர் வீட்டில் மாடு வைத்திருப்பவர்கள். கை திரும்பி வந்ததும், கன்று கிடேரியா காளையா என்று கேட்டுவிட்டுத்தான் பரோட்டா கேட்டார்கள். இது வழக்கமாகிவிட்டது. ஊரில் பலருக்குத் தெரிந்த அந்த ரகசியம் நிறுவனத்துக்கு மட்டும் எட்டவில்லை. மாதக் கடைசியில் பீர்மைதீனின் மனைவியும் குழந்தைகளும் வந்து சேர்ந்தார்கள்.

சுபாஷிணியின் மாலை நேரங்கள் மட்டும் மாறிப்போயின. சாயங்காலக் கைக்கு ஒன்றுமே தெரியாது. முதல் நாள் தம்ளரைக் கீழே போட்டது. கதவுத் தாழ்ப்பாளோடு மல்லுக்கட்டியது. அதற்கு மாடும் தெரியாது, முடிச்சும் தெரியாது, பரோட்டாவும் தெரியாது. வீட்டிலிருக்கிறவள் என்னென்ன செய்வாளோ அதை மட்டும் பார்த்துப் பார்த்துப் பழகியது. தலை பின்னியது. புத்தகம் பிடித்தது. சபரியின் முதுகில் தைலம் தேய்த்தது. முதலில் எரிச்சல்பட்டவளுக்குப் போகப்போகப் பொழுது சாய்வது எப்போது என்று இருந்தது.

அடுத்த சித்திரையில் பிரணேஷ் அவசரமாக வந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

“அண்ணி, சட்டம் மாறிருச்சுங்க. பழக்கம் பழகினவங்களுக்குத்தான் சொந்தம்னு தீர்ப்பு. இனிமேல் நகல் எடுத்துக்கலாம். எண்ணு மாத்தற வேலையே வேண்டாம். பாய்க்கு ஒண்ணு, உங்களுக்கு ஒண்ணு. உங்க புது எண்ணு மேலயே எழுதித் தந்துடறேன். காலையில இருந்து ராத்திரி வரைக்கும் எல்லாம் தெரிஞ்ச கை.”

“புது எண்ணுல இப்ப இருக்கறது?”

“அது அழிஞ்சுரும்ங்க. அதுல என்ன இருக்குது, வீட்டுல சும்மா இருந்த பழக்கம்தான?”

“பாய்க்கு எழுதிக் குடுத்துரு தம்பி. எனக்குப் பகல்ல அந்தப் பழைய எண்ணு, சாயங்காலம் இந்தப் புது எண்ணு. ரெண்டும் தனித்தனியாவே இருக்கட்டும்.”

“எதுக்குங்கண்ணி இந்தக் கஷ்டம்?”

வெளியே வெயில் இறங்கியிருந்தது. கை வழக்கம்போல ஒருகணம் தொய்ந்து எழுந்தது. சபரி மூவருக்கும் டீ கொண்டுவந்தான். சுபாஷிணி தம்ளரை வாங்கினாள். சுண்டுவிரல் தானாக மடங்கி, தம்ளரின் அடியில் போய்த் தாங்கிக்கொண்டது.

“பிரணேஷு, உங்கண்ணி தம்ளர் புடிக்கறதைப் பாரு,” என்றான் சபரி. “பொண்ணு பாக்கப் போனப்ப இப்படித்தான் புடிச்சிருந்தா. விபத்துக்கு அப்பறம் ஒருநாளும் பாத்ததில்லை. போன மாசத்துல இருந்துதான் மறுபடி புடிக்கறா.”

சுபாஷிணி குனிந்து தன் சுண்டுவிரலைப் பார்த்தாள். இதுவரை அவள் கவனிக்கவே இல்லை.

“இதை ஏன் என்கிட்டச் சொல்லலை?” என்றாள்.

“சொன்னா நீ யோசிச்சுப் புடிக்க ஆரம்பிச்சுருவ,” என்றான் சபரி.

பிரணேஷ் மடிக்கணினியைத் திறக்காமலே பைக்குள் வைத்துவிட்டு, தன் டீயை எடுத்துக்கொண்டான்.